இன்னொருவர் பெயரில் ஒரு கணக்கு

1

என் மகள் சாருவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ஊரில் பலருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தேன். பிள்ளையார் கோயிலில் ஒருவர் தேங்காய்கூட உடைத்ததாக அக்கா சொன்னாள். அந்தச் செய்தியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தேங்காய் உடைத்தவர் மன்னிக்க வேண்டும்.

வேலை கிடைத்தது உண்மைதான். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த கம்பெனி, அண்ணா சாலையில் அலுவலகம். சம்பளம் போட அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். கிட்னியைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாம், இரண்டு இருக்கிறது.

கணக்கு ஏன் இல்லை என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நானும் என் கணவரும் சுற்றுலா விசாவில் விமானமேறி வந்தவர்கள். விசா முடிந்தது, சண்டை முடியவில்லை. அகதி முகாமுக்குப் போகாமல் காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு மயிலாப்பூரின் சாந்தோம் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். இன்னமும் அதே மாடிதான். சாரு பிறந்தது திருவல்லிக்கேணி அரசு ஆஸ்பத்திரியில். பிறந்தாள் என்பதற்கு மாநகராட்சியின் சான்றிதழ் இருக்கிறது. எந்த நாட்டுக்காரி என்பதற்கு ஒன்றும் இல்லை. ஆதார் எடுக்கப் போன இடத்தில் எங்கள் பொலிஸ் பதிவுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அப்போது அவள் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றாள். இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்போல.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மாரடைப்பு. நானும் பிள்ளையும் இருக்கிறோம். திரும்பி வரலாமே என்று எழுதாதீர்கள். வருவதற்கும் தாள் வேண்டும். தவிர, சாரு ஒரே கேள்வி கேட்பாள்: "அங்க எனக்கு யாரைம்மா தெரியும்?"

2

இந்த நேரத்தில்தான் அக்காவின் மகள் தர்சிகா சென்னைக்குப் படிக்க வந்து இறங்கினாள். பெட்டி நிறைய மிளகாய்த்தூள், பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா, பனங்கட்டி. கையில் கடவுச்சீட்டு, அதில் மாணவர் விசா, கல்லூரிக் கடிதம், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக. அந்த உறையைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. சொந்த அக்கா பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வந்த மறுநாள் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டாள். "சித்தி, நானும் ஒரு பாங்க் கணக்குத் திறக்கவேணும். உங்கட பாங்க் எது?"

"எங்கட பாங்க் கீழ் வீட்டிலை இருக்கு."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பகிடி இல்லை. கீழ் வீட்டில் பிலோமினா டீச்சர் இருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர், சாந்தோம் தேவாலயத்தின் பங்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே தங்கள் குடும்பம் இந்தக் கோயிலடியில்தான் என்று சொல்வார், சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். சுவிஸிலிருந்து என் தம்பி அனுப்புகிற காசு டீச்சரின் கணக்குக்குத்தான் வரும். நாங்கள் வந்த புதிதில், "என் அக்கவுண்ட்ல போடச் சொல்லும்மா, உனக்கு வேணும்கிறப்ப எடுத்துத் தர்றேன்" என்று அவராகவே சொன்னார். ஒரு ரூபாய் குறைந்ததில்லை. அந்த மனுசிக்கு நான் செருப்பாய் உழைக்கலாம்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு முறையும் நான் படியிறங்கிப் போய், "டீச்சர், கொஞ்சம் காசு எடுக்கவேணும்" என்று நிற்பேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்பார், "எதுக்கும்மா?"

கெட்ட எண்ணம் கிடையாது. வகுப்பில் பிள்ளை எழுந்து நின்றால் எதுக்கு என்று கேட்பது போலத்தான். நான் அரிசி என்பேன், சாருவின் கல்லூரிக் கட்டணம் என்பேன், தலையிடி மாத்திரை என்பேன். இத்தனை வருடத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தேவைகள் மட்டும்தான் எனக்கு இருந்தன. மற்றவற்றை நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சாருவுக்கு இது பிடிக்காது. படியேறி வந்ததும் சண்டை பிடிப்பாள். "ஏம்மா ஒண்ணொண்ணுக்கும் காரணம் சொல்லிக்கினு நிக்கிற? நம்ம காசு தானே? தேவைப்படுதுன்னு சொல்லிட்டுச் சும்மா நில்லேன்."

"சொல்லலாம் பிள்ளை. சொல்லிப்போட்டு நாளைக்கும் போகவேணுமே."

"நானா இருந்தா சொல்ல மாட்டேன், அவ்ளோதான்" என்பாள்.

3

எந்த வங்கி என்பதில் வீட்டில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. அக்கா வாட்ஸ்அப்பில் தினமும் வந்து தீர்ப்புச் சொன்னாள். யாழ்ப்பாண ரவுணில், நகர நடுவே, கிளை வைத்திருக்கும் ஓர் இந்திய வங்கியின் பெயரைச் சொல்லி, "அதிலைதான் திறக்கவேணும். நான் இஞ்சை போட, பிள்ளை அங்கை எடுப்பாள். கொழும்புக்குப் போட்டு எடுக்கிற மாதிரித்தானே" என்றாள். சாரு தலையில் அடித்துக்கொண்டாள். "பெரியம்மா, அந்த ஆப் ஓபனே ஆவாது. சும்மா சுத்திக்கினே கீது." அவளுக்கு அடையாறிலுள்ள ஒரு தனியார் வங்கிதான் பிடித்திருந்தது. டீச்சர் தன் கிளைக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். அங்கே மேனேஜர் அவரிடம் படித்தவராம்.

நான் வாயே திறக்கவில்லை. வங்கி விஷயத்தில் எனக்கு என்ன தகுதி? ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்து வயதில் எனக்குச் சொந்தமாகக் கணக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துக்கே வங்கியிலிருந்து வந்து எங்கள் எல்லோருக்கும் தகர உண்டியல் கொடுத்தார்கள். நிறைந்ததும் அப்பா சைக்கிள் பாரில் என்னை இருத்தி ரவுணுக்குக் கூட்டிப்போவார். கவுண்டர் எனக்கு எட்டாது. உள்ளேயிருந்த ஐயா எழும்பி எட்டிப் பார்த்து, "என்ன, இன்றைக்கும் காசு கொண்டு வந்திருக்கிறாரோ எங்கட கஸ்டமர்?" என்று மரியாதையாகக் கேட்பார். அதற்குப் பிறகு எந்த வங்கியிலும் யாரும் என்னைப் பார்த்து எழும்பவில்லை. அந்தக் கணக்கு இடப்பெயர்வோடு போயிற்று. உண்டியலும் போயிற்று.

கடைசியில் மூன்று இடத்தையும் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. தர்சிகாவுக்குத் திறக்கிறபோது சாருவுக்கும் சேர்த்துக் கேட்டுவிடலாம் என்பது என் கணக்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை. சாருவும் சொல்லவில்லை. ஆனால் புறப்பட்ட அன்று காலையில் அவள் தன் பிறப்புச் சான்றிதழையும் பதிவுத் தாளையும் கைப்பையில் வைப்பதைக் கண்டேன்.

4

முதலில் அடையாறு. கண்ணாடிக் கதவு, உடம்பு நடுங்குகிற குளிர். டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சாருவின் வயதில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, நல்ல சிரிப்பு.

தர்சிகா சொன்னாள், "நான் இஞ்சை படிக்க வந்திருக்கிறன். ஒரு கணக்குத் திறக்கிறதைப் பற்றிக் கதைக்கவேணும்."

அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் விளங்கியது. சாரு குறுக்கே வந்து தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள். "ஸ்ரீலங்கா பாஸ்போர்ட், மேடம். ஸ்டூடண்ட் விசா. சேவிங்ஸ் வேணும்."

"ஓ, ஃபாரின் நேஷனலா? பண்ணலாமே. பாஸ்போர்ட், விசா, போலீஸ் ரெஜிஸ்ட்ரேஷன், காலேஜ் லெட்டர் இருந்தா போதும். கொஞ்ச நாள் ஆகும், ஆனா பண்ணிடலாம்." பிறகு சாருவின் பக்கம் திரும்பினாள். "நீங்க? உங்களுக்கு எங்ககிட்ட அக்கவுண்ட் இருக்கா?"

"இல்ல. ஓபன் பண்ணணும்."

"நீங்க லோக்கல்தானே? ஆதார் நம்பர் மட்டும் சொல்லுங்க. அஞ்சே நிமிஷம்."

விரல்களைக் கணினியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் காத்திருந்தாள். என்னமோ நெடுநேரம்போல எழுதியிருக்கிறேன் பாருங்கள், காத்திருந்தாள் என்று. ஒரு நிமிடம்கூட இருக்காது. சாரு சிரித்தாள். "எடுத்துட்டு வரல மேடம். அப்புறமா வர்றேன்" என்றாள்.

கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தத் தாள்களை வெளியே எடுக்கவே இல்லை. அங்கே வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் தர்சிகாவுக்கும் அது சரிவரவில்லை. வெளியே வெயிலில் வந்ததும் தர்சிகா கேட்டாள், "அக்கா, நீங்கள் ஏன் உங்கட தாளைக் காட்டேல்லை?"

சாரு ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிடுவதில் மும்முரமாக இருந்தாள்.

5

தி. நகரில் அக்கா சொன்ன வங்கி. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கி, மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிற சனத்தை விலக்கி, ஒரு புடைவைக் கடைக்கு மேலே மாடியில் கண்டுபிடித்தோம். கவுண்டரில் இருந்தவர் வயதானவர், பொறுமையானவர். அக்காவின் திட்டத்தைத் தர்சிகா விளக்கினாள். அம்மா யாழ்ப்பாணத்தில் போடுவா, நான் இங்கே எடுப்பன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, அது வேற, இது வேற. பேரு ஒண்ணுதான். அது வேற நாட்டு பிராஞ்ச். அங்க போட்டா இங்க வராது."

"பேர் ஒன்றுதானே?" என்றாள் தர்சிகா.

"பேர் ஒண்ணா இருந்தா ஆச்சாம்மா?"

அந்த மனிதர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கேயோ போய்த் தைத்தது. கடற்கரையில் நின்றால் அந்தப் பக்கம் நம்முடைய ஊர், ஒரே பாஷை, ஒரே சாமி என்று சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் இங்கே வந்தோம். வீட்டுக்குப் பக்கத்துக் கிளையைப் பாருங்கள் என்று அவர் அனுப்பிவைத்தார். அக்காவுக்குப் போன் எடுத்தால் அவள் நம்பவில்லை. "நீங்கள் விளங்கப்படுத்திக் கேட்டிருக்க மாட்டியள்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் சங்கரா மீன் வாங்க நின்றோம். மீன்காரப் பெண் பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அட்டையைக் காட்டினாள். "சில்ற இல்லம்மா. ஸ்கேன் பண்ணிடு. தோ கீது பாரு."

சாரு என்னைப் பார்த்தாள். நான் புடைவைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தேன்.

"இன்னாம்மா, காலேஜ் படிக்கிற பொண்ணு, போன் வச்சிகினு கீற, ஜீரோ பேலன்ஸ் கூடவா இல்ல?" என்று அவள் சாருவைக் கேலி செய்தாள். பக்கத்துப் பலகையில் யாரோ காசு செலுத்த, அங்கிருந்த சின்னப் பெட்டி பெண் குரலில் தமிழில் பெற்றுக்கொண்டதாக அறிவித்தது. சாருவும் சேர்ந்து சிரித்தாள். மீன் பையை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னாலே நடந்தாள்.

6

மூன்றாவதாக, மறுநாள், டீச்சரின் கிளை. டீச்சர் அன்று பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். மேனேஜர் எழுந்து நின்று, "டீச்சர், சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். எனக்கு நெஞ்சில் கொஞ்சம் உயிர் வந்தது.

தர்சிகாவின் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். பிறகு சாருவைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, இவளுக்கும் ஒண்ணு ஓபன் பண்ணு. வேலை கிடைச்சிருக்கு. என் கண்ணு முன்னாடி பொறந்தவ. நான் இன்ட்ரொட்யூஸ் பண்றேன். எங்க போடணும் கையெழுத்து?"

சாரு அந்த இரண்டு தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். மேனேஜர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "டீச்சர், தெரிஞ்சவங்க கையெழுத்துப் போட்டு ஓபன் பண்ற பழக்கம் இப்ப இல்ல. அதெல்லாம் போயிடுச்சு. சிஸ்டம் கேக்கறது வேற."

"நான் சொல்றேன்ல. நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களைத் தெரியும் டீச்சர். இவங்க யாருன்னு சொல்ற டாக்குமெண்ட் வேணும்."

"அதான் நான் சொல்றேனே!"

டீச்சரின் குரல் உயர்ந்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய அப்பா கையெழுத்தில் அவருக்கும், அவர் கையெழுத்தில் பங்கு மக்களில் பாதிப் பேருக்கும் கணக்குத் திறந்த கிளை அது. அந்தக் கையெழுத்துக்கு இனி மதிப்பில்லை என்பது அன்றுதான் அவருக்கும் தெரிந்தது. மேனேஜர் நல்ல பிள்ளை. தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டார். "இங்கயே பொறந்தவங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு" என்று சாருவிடம் மெல்லச் சொன்னார். தர்சிகா விமான நிலையத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கை குலுக்கி, வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் கூரியர்காரன் தர்சிகாவின் அட்டையைக் கொண்டு வந்தான். சாருதான் அவளை ஏ.டி.எம்முக்குக் கூட்டிப்போய், எந்தப் பக்கம் செருகுவது, இரகசிய எண்ணை எப்படி மாற்றுவது என்று காட்டிக்கொடுத்தாள். இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சிநேகிதிகளோடு போய்ப் பக்கத்தில் நின்று பழகியது.

7

தலைமை அலுவலகம் பதில் போடவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு பெண் இரண்டு முறை கூப்பிட்டாள், மரியாதையாகத்தான். மூன்றாவது முறை, "டாக்குமெண்ட்ஸ் ரெடியானதும் மெயில் பண்ணுங்க, வேகன்ஸி இருந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சாரு "ஓகே மேடம், தேங்க்யூ மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டுத் துவைத்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். மேலே கொடியில் துணியே இல்லை. எனக்குத் தெரியும். நான் பின்னாலே போகவில்லை. போய் என்ன சொல்வது? இந்த நகரத்தில் நான் பெற்ற பிள்ளைக்கு இந்த நகரத்தையே வாங்கிக் கொடுக்க முடியாமல் போயிற்று. அதைச் சொல்ல எனக்கு எந்தத் தமிழும் வரவில்லை.

இப்போது கொட்டிவாக்கத்தில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். தகப்பன்மார் கையில் காசு வைத்திருப்பதில்லை, போனில் அனுப்ப நம்பர் கேட்கிறார்கள். இதைக் கேட்ட தர்சிகா உடனே சொன்னாள், "அக்கா, என்ர கணக்குக்குப் போடச் சொல்லுங்கோ. உங்களுக்குத் தேவையான நேரம் நான் எடுத்துத் தாறன்."

அந்தப் பிள்ளையின் மனது தங்கம். சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துவிட்டாள். நான் அம்மியடியில் நின்றவள் அப்படியே நின்றேன். அதே வார்த்தைகளைக் கீழ் வீட்டு வாசலில் நின்று நான் கேட்டிருக்கிறேன். அன்று என் வயிற்றில் சாரு இருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை. நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் தர்சிகா போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். சாரு அவள் பக்கத்தில் போய் நின்றாள். உட்காரவில்லை.

"தர்ஷு, கொஞ்சம் காசு எடுத்துத் தர்றியா?"

"ஓம் அக்கா." போனிலிருந்து கண் எடுக்காமலே கேட்டாள். "என்னத்துக்கு?"

நான் குழாயை மூடினேன். தேவைப்படுது என்று சொல்லிவிட்டுச் சும்மா நில் பிள்ளை, நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"செருப்பு அறுந்துடுச்சு" என்றாள் சாரு.

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலுக்குப் போய், அறுந்த செருப்பைக் கையில் எடுத்து வந்து காட்டினாள்.